இரா.செழியனை நம் பிள்ளைகளுக்குத் தெரியுமா?

தமிழ்நாட்டு எம்.பி. யாராவது மக்களவையில் இரண்டு நிமிஷம் சூடாகப் பேசிவிட்டால் போதும், ஆர்.கே.புரத்திலிருந்து மயூர் விஹார் வரைக்கும் டெல்லித் தமிழர்களின் வாட்ஸப் குழு ஒன்று விடாமல் அந்த வீடியோ வந்துவிடுகிறது. பேசட்டும், பேச வேண்டியதுதான். ஆனால் ஒரு எம்.பி.யை அதை மட்டும் வைத்து எடை போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை, ஏனென்றால் எனக்கு உடனே இரா.செழியன் ஞாபகம் வந்துவிடுகிறார்.

நாவலர் நெடுஞ்செழியனின் தம்பி என்றால் பெரியவர்களுக்குத் தெரியும். மக்களவைக்கு 1962இல் பெரம்பலூரிலிருந்தும், 67லும் 71லும் கும்பகோணத்திலிருந்தும் போனவர், அப்புறம் 1978 முதல் 84 வரை மாநிலங்களவை. கணிதம் படித்தவர். 1971 முதல் 73 வரை நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். அதற்குக் கொஞ்சம் முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர்கள் சுதந்திராக் கட்சித் தலைவர் மினு மசானியும் வாஜ்பாயியும். தணிக்கை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, துறைச் செயலர்களை உட்காரவைத்து, ஒதுக்கிய பணம் எங்கே போயிற்று என்று கேட்கிற குழு அது. மூடிய அறை, கேமரா கிடையாது. அங்கே நடப்பதை யாரும் ஃபார்வர்ட் செய்ய முடியாது. என்னைக் கேட்டால் எம்.பி. வேலை என்பதே அதுதான்.

எம்.பி. சொல்லும் வேலைகளுக்கு மத்திய அரசு கொடுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதியை அவர் எதிர்த்ததும் இதனால்தான். 1993இல் நரசிம்மராவ் ஆட்சியில் வந்த திட்டம், இன்றைக்கு ஒரு எம்.பி.க்கு வருஷத்துக்கு 5 கோடி. அரசாங்கம் செலவழிப்பதைக் கேள்வி கேட்க வேண்டியவர் தானே செலவழிக்க ஆரம்பித்தால் அவரை யார் கேட்பது? இதைத் தனி நூலாகவே எழுதினார். 2010இல் உச்ச நீதிமன்றம் திட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது, சரி. பேருந்து நிழற்குடையும் சமுதாயக் கூடமும் மக்களுக்கு வேண்டும் என்பதும் உண்மைதான். அதைக் கட்ட மாநில அரசும் நகராட்சியும் இருக்கின்றன; எம்.பி. பெயரை எதற்குப் பெரிய எழுத்தில் போட வேண்டும்? இதில் நான் முழுக்க செழியன் பக்கம்.

இன்னொன்று, ஷா கமிஷன் அறிக்கை. நெருக்கடி நிலைக் கொடுமைகளை விசாரித்து 1978இல் மூன்று பகுதிகளாக வந்தது, 1980இல் இந்திரா காந்தி மறுபடி ஆட்சிக்கு வந்த பிறகு பிரதிகள் கண்ணிலேயே படாமல் போயின. தன்னிடம் இருந்த பிரதியைத் தேடி எடுத்து 2010இல் அச்சாக்கியவர் செழியன். அப்போது வயது 87. பதவி இல்லை, ஓட்டு கேட்கப் போவதில்லை, ஆனாலும் அந்த ஆவணம் தொலையக் கூடாது என்று நினைத்திருக்கிறார் பாருங்கள், அந்த இடத்தில்தான் எனக்கு அவர் மேல் மரியாதை பல மடங்கு கூடுகிறது.

1984இல் தென்சென்னையில் நின்றார். எதிரே காங்கிரஸ் வேட்பாளர் வைஜயந்திமாலா, இந்திரா காந்தி கொல்லப்பட்ட அனுதாப அலை வேறு. தோற்றார். வென்றவரை நான் குறை சொல்லவில்லை, அந்தத் தேர்தலில் எத்தனையோ பெரியவர்கள் தோற்றார்கள். ஆனால் வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாகப் படிக்கிற ஒருவரை மக்களவைக்கு மறுபடி அனுப்ப நமக்குத் தோன்றவில்லையே என்ற வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. 2017 ஜூனில் காலமானார்.

பழைய மக்களவை விவாதங்கள் நாடாளுமன்ற மின்நூலகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. டெல்லியில் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் நாலைந்து பேர் சேர்ந்தால் செழியனின் உரைகளை எடுத்துத் தமிழில் சுருக்கி எழுதலாம். நான் உதவத் தயார், விருப்பமுள்ளவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.