இரண்டாவது தொட்டி எங்கே?

பால் உறையைக் கழுவி, கொடியில் காயவைத்து நீல வாளியில் போடுகிறேன். கீரைத்தண்டும் முட்டை ஓடும் பச்சை வாளிக்கு. காலை ஏழு மணிக்குக் குப்பை வண்டி வருகிறது. இரண்டு வாளிகளும் என் கண்ணெதிரே ஒரே தொட்டியில் கவிழ்கின்றன. வயிறு எரிகிறது.

வண்டி தள்ளிவரும் அம்மாவைக் குறை சொல்லமாட்டேன். தனித்தனியாக வாங்க அவரிடம் இன்னொரு தொட்டியே இல்லை. கையுறைகூடக் கட்டைவிரல் பக்கம் கிழிந்திருக்கிறது.

குப்பையை வீட்டிலேயே பிரிக்க வேண்டும் என்று 2016ஆம் ஆண்டே விதி வந்துவிட்டது. அதைப் பிரித்தபடியே வாங்கிப்போக வேண்டும் என்பதும் அதே விதியில்தான் வந்தது. எங்களுக்கு மட்டும் சுவரெல்லாம் அறிவுரை!

நாங்கள் இருப்பது சென்னையில், பள்ளிக்கரணை பக்கம். சதுப்பு நிலத்தை விழுங்கி வளர்ந்தது பெருங்குடி குப்பைமேடு. 2022 ஏப்ரலில் அது தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்தது. அதே ஆண்டுதான் இந்தச் சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்து நிலத்தை மீட்கும் வேலை நடக்கிறது. அதை மனதார வரவேற்கிறேன். ஆனால் இன்றைய குப்பையைக் கலந்தே அள்ளிப்போனால், நாளைக்கு அதையும் யாரோ தோண்டிச் சலிக்கத்தானே வேண்டும்?

வார்டு கூட்டத்தில் மூன்று முறை கேட்டுவிட்டேன். மூன்று முறையும் "அடுத்த மாதம் பார்க்கலாம்" என்ற ஒரே பதில். நான் கேட்பது ஒரு தொட்டி. அந்த அம்மாவுக்கு ஒரு ஜோடி கையுறை.