சொத்தைப் பல்லை அடைத்தால் கண் பார்வை போகுமா?

“மேல்வரிசைச் சொத்தைப் பல்லில் கை வைத்தால் கண் பார்வை போய்விடும்” என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. மேற்பற்களின் வலியை உணர்த்துவது ஒரு நரம்பு. பார்வைக்கு உரியது முற்றிலும் வேறொரு நரம்பு.

சரி, பல்லை அடைக்கும்போது என்னதான் நடக்கும்? ஈறுப் பகுதியில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். சுருக்கென்று இருக்கும். அப்புறம் சொத்தையான பகுதியைச் சுரண்டி எடுத்துவிட்டு, பெரும்பாலும் பல் நிறப் பசையை வைத்து நீல ஒளியில் இறுகவைப்பார்கள். (வலியைவிட அந்த டிரில் சத்தம்தான் அதிகம் பயமுறுத்தும்.) உதடு 2, 3 மணி நேரம் மரத்தே இருக்கும்; அதற்குள் சாப்பிட்டால் கன்னத்தைக் கடித்துக்கொள்வீர்கள். சில நாள் கூச்சம் சகஜம். கடிக்கும்போது அடைத்த இடம் உயரமாகத் தட்டினால் மருத்துவரிடம் சொல்லுங்கள், லேசாகத் தேய்த்துச் சரிசெய்வார்.