செனாப்பாங் பாத்தா பத்தாதாம்

ஞாயிற்றுக்கிழமை சுடுதிடலில் எடுத்த அந்தப் படத்தை எங்கள் சுடும் மன்றத்தின் புலன (வாட்சாப்) குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் பார்த்துவிட்டீர்கள். குழுவில் இல்லாதவர்களுக்கும் அது எப்படியோ போய்ச் சேர்ந்திருக்கிறது என்பதை நேற்று செந்தூலில் முடிவெட்டப் போன இடத்தில் தெரிந்துகொண்டேன். ஆகவே நடந்ததை முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. மடித்துத் திறக்கும் துப்பாக்கிக்கு மலாயில் செனாப்பாங் பாத்தா என்று பெயர். மேசைமேல் கிடந்த என் துப்பாக்கியைப் படமெடுத்து, "அண்ணே, இனிமே செனாப்பாங் பாத்தா பத்தாது" என்று எழுதிப் போட்ட மன்றத்துத் தம்பியின் சிலேடையை முதலில் பாராட்டிவிடுகிறேன். நன்றாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டுப் பேர் சிரித்திருந்தார்கள். அவர்களில் பதினொரு பேருக்குத் துப்பாக்கியைத் தோளில் எப்படிப் பதிப்பது என்று காட்டிக்கொடுத்தவன் நான் என்பது இங்கே தேவையில்லாத செய்தி.

நாங்கள் சுடுவது எந்திரம் வீசும் களிமண் தட்டுகளை; டிராப், ஸ்கீட் என்பவை அதில் இரண்டு போட்டி வகைகள். தம்பியின் வாதம் இதுதான். டிராப்புக்கு ஒரு துப்பாக்கி, ஸ்கீட்டுக்கு ஒரு துப்பாக்கி, மற்ற எல்லாவற்றுக்கும் மூன்றாவதாக ஒன்று; இவை இல்லாமல் திடலுக்கு வருபவர் பொழுது போக்க வருபவர். என் வாதம் அதைவிடச் சிறியது. ஒருவருக்கு ஒரு துப்பாக்கி போதும். அதுவும் அவருடைய உடம்புக்குப் பொருந்திய துப்பாக்கியாக இருந்தால் போதும் என்பதைவிட ஒரு படி மேல்.

டிராப்புத் துப்பாக்கிக்கும் ஸ்கீட்டுத் துப்பாக்கிக்கும் வேறுபாடே இல்லை என்று நான் எங்கும் சொன்னதில்லை. டிராப்பில் தட்டு நமக்குப் பதினைந்து மீட்டர் முன்னாலுள்ள குழியிலிருந்து கிளம்பி விலகிக்கொண்டே மேலேறும். அதனால் அதற்கான துப்பாக்கியில் குழல் நீளமாகவும், கன்னம் படும் கட்டை உயரமாகவும் இருக்கும். சுட்டால் குறிக்குச் சற்று மேலே போகும்படியே அதைச் செய்கிறார்கள். ஸ்கீட்டில் தட்டு குறுக்கே, கிட்டத்தில் பறக்கும். தட்டு கண்ணுக்குத் தெரியும்வரை துப்பாக்கியை இடுப்பருகே வைத்திருந்து பிறகுதான் தூக்க வேண்டும் என்பதால் அதற்கு வேகமாகத் திரும்பும் குழலும் ஒரே தோட்டாவின் சிறு குண்டுகள் விரிந்து பரவும் சூடும் வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஒரே துப்பாக்கியோடு வருகிறேன்.

அந்தப் படத்தில் இருப்பது இரண்டு குழலும் பக்கத்தில் பக்கத்தில் அமைந்த பன்னிரண்டாம் எண் துப்பாக்கி. பன்னிரண்டு என்பது என்ன கணக்கு என்று தம்பிக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று தெரியவில்லை. குழலின் வாய்க்குச் சரியாகப் பொருந்தும் ஈய உருண்டைகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு ராத்தல். எனக்கு என் அப்பா சொன்னது. என் துப்பாக்கியில் வலக்குழலின் வாய் பாதி இறுக்கம், இடக்குழலின் வாய் முழு இறுக்கம். வாய் இறுகினால் குண்டுகள் அதிகம் விரியாமல் சேர்ந்து போகும். நாற்பது கஜத்தில் முப்பது அங்குல வட்டம் ஒன்றை வரைந்து சுட்டால் பாதி இறுக்கம் நூற்றுக்கு அறுபது குண்டுகளையும், முழு இறுக்கம் எழுபது குண்டுகளையும் ஏறத்தாழ அந்த வட்டத்துக்குள் சேர்க்கும். இறுக்கமே இல்லாத குழல் நாற்பதைத்தான் சேர்க்கும். விசையும் இரண்டு. கிட்டத்தில் பறப்பதற்கு முன்விசை, தூரத்தில் போவதற்குப் பின்விசை. விரலை அரை அங்குலம் நகர்த்தினால் வேறொரு துப்பாக்கி கையில் இருக்கிறது. தம்பி அதற்காகக் காருக்குப் போய்ப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

அப்பா பத்தாங் பெர்ஜுந்தையில், அதாவது இப்போது பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்ட ஊரில், ஐந்து ஏக்கர் செம்பனை வைத்திருந்தார். அதற்கு முன்பு இருபத்திரண்டு ஆண்டுகள் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். கன்று நட்ட புதிதில் காட்டுப்பன்றி இறங்கினால் ஒரே இரவில் ஒரு வரிசையைக் கிளறிக் குருத்தைத் தின்றுவிட்டுப் போய்விடும். பயிர்க் காவலுக்கென்று உரிமம் கேட்டு அலைந்து, வேலை முடிந்து தமிழ்நாட்டுக்குத் திரும்பிய ஒரு கிராணியிடமிருந்து (தோட்டத்து எழுத்தரிடமிருந்து) 1976-இல் அவர் வாங்கியதுதான் இந்தத் துப்பாக்கி. பன்றிக்கும் அதுதான், பழம் கொறிக்கும் அணிலுக்கும் அதுதான். மாறியது தோட்டா மட்டும். சட்டையின் இடப்பையில் பெரிய குண்டு, வலப்பையில் சிறிய குண்டு. இருட்டில் விளக்கில்லாமல் எடுக்க வேண்டும் என்பதற்காக அந்த ஏற்பாடு. கனம் தாங்காமல் பை கிழிந்துகொண்டே இருந்ததால் அம்மா உள்ளே கோதுமை மாவுச் சாக்குத் துணியை வைத்துத் தைத்துக் கொடுத்தார்.

ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளி முடிந்த வாரம், பழைய நாளிதழ்களைக் கஞ்சிப் பசையால் ஒட்டி ஒரு மரத்தில் கட்டுவார். முப்பது அடி எடுத்து வைத்து நின்று ஒரு குழலால் சுடுவார். தாளை மாற்றிவிட்டு மறு குழலால் சுடுவார். ஓட்டைகளை எண்ணுவது என் வேலை. பென்சிலால் ஒவ்வொன்றையும் வட்டமிட்டு எண்ண வேண்டும். எண்ணிக்கை தவறினால் மறுபடியும். எந்தக் குழல் எவ்வளவு தூரத்தில் எப்படி விரிகிறது, எந்தப் பக்கம் சற்று இழுக்கிறது என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. அதை அவர் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை.

1983-இல், எனக்குப் பதினான்கு வயது, ஒரு இரவு நான் டார்ச் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். இருபத்தைந்து அடி தூரத்தில் பன்றி நின்றது. வெளிச்சத்தில் அதன் கண் தெரிந்தது. முதுகு மயிரில் சேறு காய்ந்திருந்ததுகூடத் தெரிந்தது. அப்பா துப்பாக்கியைத் தோளில் வைத்தார், கொஞ்ச நேரம் அப்படியே நின்றார், பிறகு இறக்கிவிட்டார். துப்பாக்கியை மடித்து இரண்டு தோட்டாவையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார். பன்றி தன் வேலையைப் பார்த்துக்கொண்டு போனது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திரும்பி வரும் வழியில்தான் சொன்னார்: "அதுக்குப் பின்னால மாரிமுத்து வீட்டு அடுப்படி விளக்கு தெரிஞ்சுச்சு. நம்ம இடக்குழல் அது வரைக்கும் போவும்." போகுமா போகாதா என்பது அவருக்குத் தெரியும். மூன்று துப்பாக்கிகள் வைத்திருந்தால் அந்த இருட்டில் எந்தத் துப்பாக்கியின் எந்தக் குழல் எதுவரை போகும் என்று யோசித்துக்கொண்டிருந்திருப்பார்.

நான் கேட்பது இவ்வளவுதான். தம்பி தன்னுடைய மூன்றில் ஏதாவது ஒன்றை ஒரு தாளில் சுட்டு எண்ணிப் பார்த்திருக்கிறாரா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து வரும் காணொளிகளில் துப்பாக்கிகளைக் கைலிபோல் அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒன்று வாங்கினால் அதற்குத் துணையாக இன்னொன்று. நாம் இருப்பது கோலாலம்பூர். இங்கே ஒரு துப்பாக்கி என்பது ஒரு கோப்பு. 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் உரிமம் வாங்க வேண்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். எதற்காக வேண்டும் என்று போலீசுக்குக் காரணம் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால் 1971-ஆம் ஆண்டின் சுடுகலன் கூடுதல் தண்டனைச் சட்டப்படி 14 ஆண்டுகள் வரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் கிடைக்கும். அப்பா 2009-இல் தவறியபோது, காரியம் முடிவதற்கு முன்பே துப்பாக்கியைக் கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு, என் பெயரில் உரிமம் கேட்டுப் பதினான்கு மாதங்கள் நடந்தேன். ஒரு நாள் முகப்பில் இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு, இந்தப் பழையதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று மலாயில் கேட்டார். அவர் கேட்டது எனக்கு வலிக்கவில்லை; அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் சிரித்ததுதான்.

இப்போது வரிசையாக வரப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். முதலாவது, பொறாமை. வாங்க வசதி இல்லாதவன் தத்துவம் பேசுகிறான் என்பார்கள். எனக்கு வசதி இருக்கிறதா இல்லையா என்பதை நான் இங்கே சொல்லக் கடமைப்படவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: மூன்று வாங்க முடியாது, இன்னொன்று வாங்க முடியும். 2018-இல் ஒருவர் மேல்கீழ்க் குழல் துப்பாக்கி ஒன்றை நல்ல விலைக்குத் தருவதாகச் சொன்னார். எடுத்துத் தோளில் வைத்துப் பார்த்தேன், கட்டை என் கன்னத்துக்கு வரவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டேன். பொறாமைப்படுபவன் செய்கிற காரியமா இது?

இரண்டாவது, ஸ்கீட்டில் பாதி இறுக்கம் ஒத்துவராது என்பது. உண்மைதான். தாம்பாளம் அளவுக்கு விரிய வேண்டிய சூடு சாப்பாட்டுத் தட்டு அளவுக்கே விரிகிறது. எனக்கு நான்கைந்து தட்டுகள் குறையும். குறையட்டும்.

மூன்றாவது கேள்வி நல்ல கேள்வி; ஆனால் அதைக் கேட்டவர் கேலியாகக் கேட்டார். பழைய துப்பாக்கியில் இன்றைய தோட்டாவைப் போட்டால் வெடித்துவிடாதா என்கிறார். சில பழைய ஆங்கிலேயத் துப்பாக்கிகளில் தோட்டா அமரும் அறை 65 மில்லிமீட்டர் நீளம்தான். இப்போதைய தோட்டா 70. அது உள்ளே போய்விடும், ஆனால் சுடும்போது விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். ஆபத்துதான். என்னுடையது 70 மில்லிமீட்டர் அறை. துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அளந்து பார்த்துத்தான் நான் முதல் தோட்டாவையே போட்டேன். அதிலும் ஒலிம்பிக்கில் பயன்படுத்தும் 24 கிராம் தோட்டாதான் போடுகிறேன். இந்த வயதில் தோளுக்கும் அது நல்லது.

நான்காவது, போட்டி நாளில் அந்த ஒன்றும் பழுதானால்? பழுதானது. 2016-இல் இடக்குழலின் வில் உடைந்தது, மன்றத்தின் துப்பாக்கியை வாங்கிச் சுட்டேன், இருபத்தைந்துக்குப் பதினொன்று. இரண்டாவது துப்பாக்கி வைத்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்பார்கள். பழகாத துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா என்பேன் நான். இதில் மேலும் விவாதிக்க விரும்பவில்லை.

உலக அளவில் பேசுவோம் என்பவர்களுக்குக் கிம் ரோட். அமெரிக்கப் பெண், 1996 முதல் 2016 வரை தொடர்ந்து ஆறு ஒலிம்பிக்குகளில் பதக்கம் வாங்கியவர். அவர் சுட்டுவந்த, இரண்டு தட்டுகள் ஒன்றாகப் பறக்கும் பெண்களுக்கான இரட்டை டிராப்பை 2004-க்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். அவர் ஸ்கீட்டுக்கு மாறினார், 2008-இல் அதிலும் வெள்ளி வாங்கினார். அத்தனை ஆண்டுகளாக அவர் கையில் இருந்தது ஒரே பெராஸி, இத்தாலியில் செய்த துப்பாக்கி. பெய்ஜிங் முடிந்து சில வாரங்களில் அது அவருடைய வண்டியிலிருந்து திருட்டுப் போனது. சில மாதங்கள் கழித்துத் திரும்பவும் கிடைத்தது. அதற்குள் அன்பர்கள் பணம் சேர்த்துப் புதியது வாங்கிக் கொடுத்தார்கள்; 2012-இல் லண்டனில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது சுட்டுத் தங்கம் வாங்கினார். பெராஸி என்ன விலை தெரியுமா என்று தம்பி கேட்பார். தெரியும். ஒரு பெராஸியின் விலை தெரியும். மூன்று பெராஸியின் விலையை நான் கேட்கவில்லை. ரோட்டும் கேட்டதாகத் தெரியவில்லை.

என் மனைவி இதைப் படித்துவிட்டு, வீட்டில் மூன்று மண்வெட்டி இருப்பதைக் குறிப்பிடச் சொன்னார். குறிப்பிட்டுவிட்டேன். அவருடைய சமையலறையில் இருக்கும் கத்திகளின் எண்ணிக்கையை நான் குறிப்பிடவில்லை. என் அம்மா ஒரே அரிவாள்மனையில் மீன் ஆய்ந்தார், முருங்கைக்காய் நறுக்கினார், அதன் நுனியிலேயே தேங்காயும் துருவினார்.

தம்பி நல்லவர். அதையும் சொல்லிவிட வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் முதன்முதலாகத் திடலுக்கு வந்த அன்று, தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு குழலைத் தேடிக்கொண்டிருந்தார். நான்தான் பக்கத்தில் போய், கண்ணைத் துப்பாக்கிக்குக் கொண்டுபோகாதே, கட்டையைக் கன்னத்துக்குக் கொண்டுவா என்றேன். அன்று அவர் சுட்டுப் பழகியது என் துப்பாக்கியில், நான் பக்கத்தில் நின்றுகொண்டு. ஐந்தாவது தட்டு உடைந்தபோது அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்று அது பத்தியது.

படத்தில் கட்டையின் இடப்புறம் மெருகு போய் வெளிறிய இடத்தைச் சிவப்பு வட்டமிட்டுக் காட்டியிருக்கிறார். அது பராமரிப்பு இல்லாததால் வந்தது அல்ல. தையல் எந்திர எண்ணெயும் பழைய பனியன் துணியும் அந்தத் துப்பாக்கியைவிட்டு ஒரு மாதம்கூடப் பிரிந்ததில்லை. அந்த இடத்தில் முப்பத்து மூன்று ஆண்டுகள் ஒருவருடைய கன்னமும், அதன்பின் பதினைந்து ஆண்டுகள் இன்னொருவருடைய கன்னமும் பட்டிருக்கின்றன. இரண்டும் ஒரே இடத்தில் படுகின்றன என்பதை நான் சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்புப் பொம்மை வரும்.

படத்தை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, இருக்கட்டும். மலாயில் பாத்தா என்றால் ஒடிந்தது. நடுவில் மடிந்து திறந்துகொள்வதால்தான் அதற்கு அந்தப் பெயர். திறந்து கிடந்தால் உள்ளே தோட்டா இல்லை என்பது பத்தடி தள்ளி நிற்பவனுக்கும் தெரியும். சுடும் இடத்தை விட்டு வந்தால் துப்பாக்கி திறந்துதான் கிடக்க வேண்டும் என்பது திடலின் முதல் விதி. தம்பிக்கு அதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான். தேநீர் வாங்கப் போகும்போது என்னுடையதைத் திறந்துதான் வைத்துவிட்டுப் போனேன். படத்தில் அது மூடியிருக்கிறது. அழகாகத் தெரிய வேண்டும் என்று அதை எடுத்து மூடியவர் யார் என்பதை மட்டும் குழுவில் சொல்லிவிடுங்கள்.