சப்பென்று இருக்கிறதா? அந்தக் கிண்ணத்தைத் தொட்டீர்களா?

துபாய் சத்வாவில் குடியிருக்கும் நம்மவர்களிடம் பக்கத்துத் தெரு ஃபிலிப்பினோ உணவகத்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "அய்யோ, அந்த வாடை" என்பார்கள். இல்லையென்றால், "ஒரு தடவை போனேன், உப்பும் இல்ல உறைப்பும் இல்ல." வாடைக்காரர்களோடு எனக்கு வழக்கில்லை. லீவு நாளில் நெத்திலிக் கருவாடு வறுத்து மாடி முழுக்க மணக்க விடுகிறவர்கள், ஃபிலிப்பினோக்களின் துயோ வறுபடும்போது மூக்கைப் பொத்துகிறார்கள். இரண்டும் கருவாடுதான் சாமி.

என் கோபம் அந்த இரண்டாவது கூட்டத்தின் மேல். சாப்பிட்டு வந்த கையோடு கூகுளில் 'டேஸ்ட்லெஸ்' என்று எழுதி இரண்டு நட்சத்திரம் போட்டுவிடுகிறார்கள். மேஜையிலேயே வினிகரும் சோயா சாஸும் இருந்திருக்கும். கேட்டிருந்தால் கலமான்சி எலுமிச்சையும் குட்டி மிளகாயும் வந்திருக்கும். எதையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

நமக்குச் சமையல் அடுப்பிலேயே முடிந்துவிட வேண்டும். விருந்துக்குப் போன வீட்டில் இலையில் உட்கார்ந்துகொண்டு "கொஞ்சம் உப்பு" என்று கேட்டுப் பாருங்கள், சமைத்தவர் முகம் போகிற போக்கை. ஃபிலிப்பினோக்கள் கடைசிப் பக்குவத்தைச் சாப்பிடுகிறவர் கையிலேயே விட்டுவிடுகிறார்கள். வினிகர், சோயா, பாதிஸ் என்கிற மீன் சாறு, கலமான்சி, நசுக்கிய பூண்டு, மிளகாய், இவற்றில் வேண்டியதை வேண்டிய அளவு கலந்து ஆளுக்கொரு கிண்ணம். சாவ்சாவன் என்பார்கள். ஒரே மேஜையில் நாலு பேர் உட்கார்ந்தால் நாலு ருசி. சமைத்தவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

காரே-காரேயை எடுத்துக்கொள்ளுங்கள். மாட்டு வால், குடல், வாழைப்பூ, கத்திரிக்காய், காராமணிக்காய் எல்லாம் போட்டு, நிலக்கடலைக் குழம்பில் வேக வைக்கிறார்கள். அதை மட்டும் எடுத்து வாயில் வைத்தால் சப்பென்றுதான் இருக்கும். வேண்டுமென்றே அப்படி. கூடவே பாகூங் ஒரு சின்னக் கிண்ணத்தில் வரும், உப்பில் ஊறிப் புளித்த கூனிறால் விழுது. துளி பாகூங்கைத் தொட்டுக்கொண்டு ஒரு வாய் எடுத்தால்தான் அது காரே-காரே. பாகூங்கை ஒதுக்கிவிட்டு உப்பில்லை என்று எழுதுகிறவரை என்ன செய்ய!

இந்த காரே-காரேக்கு நம்மோடு ஒரு பழைய தொடர்பு உண்டு என்று ஒரு கதை இருக்கிறது. 1762இல் மணிலாவைப் பிடிக்க ஆங்கிலேயர்கள் படை திரட்டிக்கொண்டு கப்பலேறியது மெட்ராஸிலிருந்து. அந்தப் படையில் இந்தியச் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764இல் ஆங்கிலேயர் திரும்பியபோது சிலர் கூடப் போகாமல் மணிலாவுக்குப் பக்கத்திலுள்ள காயிந்தாவில் தங்கிவிட்டார்கள். அங்கே கிடைத்ததை வைத்து அவர்கள் வைத்த கறிதான் காரே-காரே ஆனது என்பார்கள். கறிக்கதைக்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆனால் காயிந்தாவில் சிப்பாய்கள் குடியேறியது வரலாறு.

உறைப்பு இல்லை என்பதும் அரைகுறைப் பேச்சு. பிகோல் பகுதிக்காரர் சமைக்கும் கடையில் லாயிங் இருக்கிறதா என்று கேளுங்கள். உலர்த்திய சேப்பங்கிழங்கு இலையைத் தேங்காய்ப்பாலில் மிளகாயோடு சுண்ட வைத்தது, மூக்கில் தண்ணீர் வரும். மற்றபடி அவர்கள் நாக்கு முதலில் தேடுவது புளிப்பைத்தான். சினிகாங் என்கிற புளிப்புச் சாற்றுக்குப் புளி போடுவார்கள், மாங்காய் போடுவார்கள், கொய்யாப்பழம்கூடப் போடுவார்கள். முள்ளங்கி, கங்கோங் கீரை, முழுப் பச்சை மிளகாயோடு மீன் தலை கிடக்கும் அந்தச் சாற்றைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தால் ரசம் குடித்து வளர்ந்தவனுக்குச் சொல்லித்தர எதுவும் இல்லை. அவர்கள் கரண்டியும் முள்கரண்டியுமாகச் சாப்பிடுவார்கள், நாம் கையால் பிசைந்தாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

எல்லாம் பிரமாதம் என்று சொல்ல வரவில்லை. பல கடைகளில் சினிகாங்குக்குப் பாக்கெட் பொடிதான், புளி கரைக்கிற வேலையே இல்லை. சிசிக் அசலில் பன்றி முக இறைச்சி. துபாயில் பன்றிக்குத் தனி அனுமதி வேண்டும் என்பதால் சின்னக் கடைகள் கோழியில் செய்து, மயோனைஸை ஊற்றிக் கொழகொழவென்று ஆக்கிவிடுகின்றன. அதற்கு வேண்டுமானால் இரண்டு நட்சத்திரம் போடுங்கள், நானும் கூட வருகிறேன்.

சைவக்காரர்கள் கவனிக்க: பினாக்பெத்தில் பாகற்காய், வெண்டை, பூசணி, கத்திரி என்று நம்ம வீட்டுக் காய்கள் எல்லாம் இருக்கும், பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அதிலும் பாகூங் உண்டு. காய்கறி லும்பியா (நம்ம ஸ்பிரிங் ரோல் மாதிரி) இருந்தால், உள்ளே இறால் இல்லையே என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்குங்கள். பரிமாறுகிற அக்காவை 'ஆத்தே' என்று கூப்பிட்டுக் கேட்டால் பொறுமையாகச் சொல்வார்.

எங்கள் தெருக் கடையில் இப்போதெல்லாம் இந்திய முகத்தைக் கண்டாலே, கேட்காமலேயே சிவப்பு மிளகாய் சாஸ் பாட்டிலைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார்கள். இரண்டு நட்சத்திரக்காரர்கள் பழக்கிவிட்டது. நான் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கலமான்சி கேட்கிறேன்.