ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்

போன சனிக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் வந்த போட்டோவைப் பற்றி அன்றைக்கு ராத்திரியே நாலு வரி எழுதி, அரை மணி நேரத்தில் அழித்துவிட்டேன். பார்த்தவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு வாரம் ஆறப்போட்டுப் பார்த்தேன், ஆறவில்லை.

அந்தப் போட்டோவில் வீட்டுக்குப் பின்னால் விளையில், அதாவது தோப்பில், தென்னை மூட்டில் எரிந்துகொண்டிருப்பது மாமி லேஸ் பின்னும் திண்டு. கீழே அண்ணன் எழுதியிருந்தது, "பழைய குப்பை எல்லாம் க்ளியர்". அதற்குக் கைகூப்பி ஏழெட்டுப் பேர். மாமியை அடக்கம் பண்ணி அன்றைக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

மாமி என்றால் அப்பாவின் அக்கா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 86 வயதுவரை கன்னியாகுமரி மாவட்டம் நெய்யூர் பக்கத்து அந்த ஓட்டு வீட்டிலேயே இருந்தார். பிள்ளைகள் இருந்திருந்தால் அவர்களிடம் கேட்காமல் ஒரு கரண்டியைக்கூட யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். பிள்ளை இல்லாத மனுஷியின் சாமான் என்பதால் யார் முதலில் வந்தாரோ அவர் முடிவு பண்ணிவிட்டார். காலையில் வந்து மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டார். உருளி, வெண்கலப் பானை, நாழி எல்லாம் பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போயிற்று. வளையலும் செயினும் மட்டும் அதற்கு முன்னாலேயே எடை போட்டு, இத்தனை பவன், இன்னாருக்கு இவ்வளவு என்று நோட்டில் எழுதிப் பிரித்தாயிற்று. அதற்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள், எனக்கும் போன் வந்தது. தங்கத்துக்கு வந்த போன் திண்டுக்கு ஏன் வரவில்லை?

அது என்ன அவ்வளவு பெரிய திண்டு என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். வைக்கோல் திணித்து, கல்போல இறுக்கித் தைத்த கனமான உருளை. அதன்மேல் ஓட்டை குத்திய டிசைன் அட்டை. நாற்பது ஐம்பது மரக்குச்சிகள், ஒவ்வொன்றிலும் நூல் சுற்றியிருக்கும். இரண்டிரண்டு ஜோடியாகப் பிடித்து, குறுக்கே மாற்றி, முறுக்கி, ஊசி குத்தி நிறுத்தி, மறுபடியும் மாற்றி முறுக்கி, ஒரு நாள் முழுக்க உட்கார்ந்தாலும் சில விரற்கடைதான் நீளும். 1819-இல் நாகர்கோவிலுக்கு வந்த மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் நம் ஊர்ப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்த வேலை. அந்தக் காலத்தில் லேஸ் பின்னிய கூலியைச் சேர்த்து அடிமைத்தனத்திலிருந்து தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். மாமிக்கு அவர் அம்மா சொல்லிக்கொடுத்தார். அவர் அம்மாவுக்கு யாரோ. அப்படிக் கைமாறி வந்தது அது.

ஒக்கி புயல் அடித்த சமயம், 2017 நவம்பர் கடைசி, நான் அங்கே மாட்டிக்கொண்டேன். ரப்பரும் வாழையும் சாய்ந்து, போஸ்டெல்லாம் விழுந்து, நாள்கணக்கில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கை வைத்துக்கொண்டு மாமி அந்தத் திண்டை இறக்கினார். அதற்கு முன்பே கண் மங்கி வேலையை விட்டிருந்தார். "கண்ணு வேண்டாம் மக்ளே, வெரலுக்குத் தெரியும்" என்று சொல்லி என் கையைப் பிடித்து நாலு குச்சியை மாற்றிக் காட்டினார். வெளியே காற்று ஓய்ந்து ஊரே சத்தமில்லாமல் கிடந்தது, உள்ளே குச்சி ஒன்றோடொன்று தட்டும் சத்தம் மட்டும். எனக்கு அன்றைக்கு வரவில்லை, அடுத்த லீவுக்கு வந்து கற்றுக்கொள்கிறேன் என்று சொன்னேன்.

இப்போது, "அவ்வளவு ஆசை இருந்தால் நீயே முன்னாடி எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே" என்று ஒரு சித்தி கேட்டார். உயிரோடு இருக்கிறவரிடம் போய், நீங்கள் செத்தபிறகு இது எனக்கு என்று கேட்க முடியுமா? கோயம்புத்தூரிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை வருகிறவள்தான் நான், உண்மை. கடைசி ஒரு வருஷம் ஒரு தடவைதான் வந்தேன், அதுவும் உண்மை. அதனால் எனக்குக் கேட்கவே உரிமை இல்லை என்றால் அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

"எல்லாவற்றையும் வைத்துக்கொள்ள முடியுமா, வீட்டில் இடம் வேண்டாமா" என்பது இன்னொன்று. முடியாதுதான். மாமியின் கட்டிலையும் பிளாஸ்டிக் குடத்தையும் பழைய மாத்திரை டப்பாக்களையும் வைக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சேலைகளை இல்லாதவர்களுக்குக் கொடுத்தது நல்ல காரியம், மாமியும் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் ஒருவர் தன் கையாலேயே அறுபது வருஷம் தொட்ட பொருள் எது, கடையில் வாங்கிப்போட்ட பொருள் எது என்று பார்க்க எத்தனை நேரம் ஆகும்? தெரியாவிட்டால் தெரிந்தவர்களிடம் கேட்க வேண்டும். போட்டோ எடுக்க போன் கையில் இருந்ததே, தீ வைப்பதற்கு முன்னால் அதே போட்டோவைப் போட்டிருக்கலாமே!

ஆஸ்பத்திரிச் செலவு முழுக்க அண்ணன்தான் செய்தார் என்கிறார்கள். செய்தார். நன்றி. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

சரி, செலவுக் கணக்கு பேச ஆரம்பித்தாயிற்று என்றால் இதையும் பேசிவிடுவோம். பெரியப்பாவும் எங்கள் அப்பாவும் ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த ஃபீஸ் எங்கிருந்து வந்தது? தாத்தா போனபிறகு அந்த வீட்டில் காசு வந்த ஒரே வழி அந்தத் திண்டுதான். மாமி பின்னிக் கொண்டுபோய் மிஷன் காம்பவுண்டில் கொடுத்து வாங்கிய கூலி. தம்பிகள் இரண்டு பேரும் வேலைக்குப் போய், கல்யாணம் கட்டி, வீடு கட்டினார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளை பார்க்க மட்டும் யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. எங்கள் அப்பாவையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். இதை அவர் இருக்கும்போதே கேட்டிருக்கிறேன், அவர் பதில் சொன்னதில்லை.

குடும்ப விஷயத்தை முகநூலில் ஏன் எழுதுகிறாய் என்று இதற்கும் போன் வரும். குழுவில் கேட்டேன். நாலு பேர் படித்தார்கள், நீல டிக் விழுந்தது, அடுத்து ஒருவர் குட்மார்னிங் படம் போட்டார். அதனால்தான் இங்கே.

அண்ணா, நீங்கள் இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மாமியின் வேதப்புத்தகம் இன்னும் உங்கள் கார் டிக்கியில்தான் இருக்கிறது என்று மைனி (அண்ணி) சொன்னார்கள். அதன் முதல் பக்கத்தில் நம் வீட்டில் பிறந்த எல்லாருடைய தேதியும் இருக்கிறது. மாமியுடையது பழைய கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1114 சித்திரை என்று பென்சிலில் எழுதியது, 825 கூட்டினால் ஆங்கில வருஷம் 1939. உங்களுடையதும் என்னுடையதும் மாமி கையெழுத்து. வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். அதுவரை அதை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.