பட்டியலைப் பார்த்து மாத்திரை எடுக்க முடியாது

உங்கள் கட்டுரையில் மனச்சோர்வு மாத்திரைகளை ‘சிறந்தது’ என்று வரிசைப்படுத்தியிருக்கிறீர்கள். சரி, ஆனால் டாக்டர்கள் பெரும்பாலும் பக்கவிளைவைப் பார்த்துத்தான் எழுதுகிறார்கள். என் அக்காவுக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை. ராத்திரி படுக்கும்முன் போடச் சொல்லி மிர்டாசபின் கொடுத்தார்கள். அது தூக்கம், பசி இரண்டையும் கூட்டும். ஏற்கெனவே எடை ஏறிக்கொண்டிருப்பவருக்கு அதையே எழுத யோசிப்பார்கள். வலிப்பு உள்ளவருக்கு புப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை கூடவே கூடாது.

செர்ட்ராலின் போன்ற மனச்சோர்வு மாத்திரைகளில் குமட்டல் வந்தால் முதல் வாரமே வந்துவிடும், பலன் தெரியவோ 2 முதல் 4 வாரம், சிலருக்கு 6 வாரம்கூட ஆகும். இந்த இடைவெளியில்தான் பலர் ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்று தாங்களாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

அப்புறம், குடும்பத்தில் யாருக்காவது பைபோலார் (மனச்சோர்வும் அளவுமீறிய உற்சாகமும் மாறி மாறி வரும் நோய்) இருந்தால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் சிலருக்கு மனநிலை எதிர்ப்பக்கம் எகிறிவிடும். கட்டுரை இதைத் தொடவே இல்லையே!