நாற்சந்தி முட்டுச்சந்தான கதை

லடாக் பற்றி நம்மூரில் எழுதப்படுவது பெரும்பாலும் இரண்டே விஷயம். ஒன்று பைக் பயணம், இன்னொன்று எல்லைச் சண்டை. அங்கே வாழ்கிறவர்கள் இரண்டிலும் வருவதில்லை. யாருமில்லாத வெற்று நிலம் என்ற எண்ணம் நம் மனதில் அப்படித்தான் படிந்துவிட்டது. அந்த எண்ணம் அநியாயமானது.

முதலில் நிலத்தைப் பார்ப்போம். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பருவமழை மேகங்களை இமயமலையே மறித்துவிடுவதால், ஆண்டு முழுவதும் சேர்த்தே அங்கு பெய்வது சுமார் 100 மில்லிமீட்டர்தான். அப்புறம் விவசாயம் எப்படி? உருகி வரும் பனியாற்றுத் தண்ணீரை வாய்க்கால் வெட்டிக் கொண்டுவந்து வாற்கோதுமை விளைவிக்கிறார்கள். யார் வயலுக்கு எப்போது தண்ணீர் என்று முறைவைத்துத் திறந்துவிட, ஊர்களில் ‘சுர்போன்’ என்ற பொறுப்பாளர் உண்டு. கிழக்கே சாங்தாங் பீடபூமி 4,000 மீட்டருக்கும் மேல். பயிருக்கு அங்கே பெரிதாக வழியில்லை. சாங்பா மேய்ப்பர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு பருவத்துக்கு ஓரிடமாக மாறிக்கொண்டே இருப்பார்கள். குளிர் தாங்குவதற்காக அந்த ஆடுகளின் மேல்முடிக்கு அடியில் வளரும் மெல்லிய ரோமம்தான் பஷ்மினா.

அந்த இழையைப் பிடித்துக்கொண்டே போனால் லடாக்கின் அரசியலும் புரியும். திபெத்துடன் நடந்த போருக்குப் பிறகு, 1684-ல் டிங்மோஸ்காங் ஒப்பந்தம். மேற்குத் திபெத்தின் பஷ்மினா லடாக் வழியாகக் காஷ்மீருக்குப் போகும் என்று அதில் முடிவானது. 1834-ல் ஜம்முவின் குலாப் சிங், தன் தளபதி ஜோராவர் சிங்கை அனுப்பி லடாக்கைப் பிடித்தார். பஷ்மினா வணிகத்தின் மீதிருந்த ஆசை அதற்கு ஒரு முக்கியக் காரணம். ஜோராவர் திபெத்துக்குள்ளும் படையெடுத்து 1841-ல் அங்கேயே மாண்டார். 1846-ல் பிரிட்டிஷார் 75 லட்சம் ரூபாய்க்குக் காஷ்மீரை குலாப் சிங்குக்கு எழுதிக்கொடுத்தபோது, லடாக்கும் அந்த சமஸ்தானத்துக்குள் அடங்கிப்போனது.

சரி, ஆட்சிதான் மாறியது. வழிகள் திறந்தே இருந்தன. வடக்கே காரகோரம் கணவாய் தாண்டி இன்றைய சீனாவிலுள்ள யார்க்கண்ட், கிழக்கே திபெத்தின் லாசா, மேற்கே ஸ்ரீநகர், தெற்கே குல்லு. அந்த நாற்சந்தியை முட்டுச்சந்தாக்க 1947-க்குப் பிந்தைய பதினைந்தே ஆண்டுகள் போதுமாக இருந்தன. லே, கார்கில், ஸ்கர்டு மூன்றும் அதுவரை ஒரே நிர்வாகத்தில் இருந்தவை. 1948-ல் ஸ்கர்டு பாகிஸ்தான் வசம் போக, கார்கில்–ஸ்கர்டு சாலை அடைபட்டது, குடும்பங்கள் போர்நிறுத்தக் கோட்டுக்கு இருபுறமும் பிரிந்தன. சீனாவில் ஆட்சி மாறியதும் யார்க்கண்ட் வழி மூடியது. 1957-ல் லடாக்கின் கிழக்கு ஓரமான அக்சாய் சின் வழியாகச் சீனா சாலை போட்டு முடித்தது. 1962 போரோடு திபெத் வணிகமும் முடிந்தது.

இப்போதைய விஷயத்துக்கு வருகிறேன். 2019-ல் லடாக் தனி யூனியன் பிரதேசமானபோது லேயில் கொண்டாடினார்கள், ஏனென்றால் அது அவர்களுடைய நெடுநாள் கோரிக்கை. கார்கில் அப்போதே எதிர்த்தது. ஆனால் கூடவே சட்டமன்றம் வரவில்லை. ஜம்மு காஷ்மீர் சட்டமன்றத்தில் இருந்த நான்கு இடங்களும் போயின. மிஞ்சியது ஒரு எம்.பி.யும், சட்டம் இயற்றும் அதிகாரம் இல்லாத இரண்டு மலைக் கவுன்சில்களும்தான். பௌத்தர்கள் அதிகமுள்ள லேயும் முஸ்லிம்கள் அதிகமுள்ள கார்கிலும் இன்று ஒரே குரலில் மாநில அந்தஸ்தும், பழங்குடிப் பகுதிகளுக்கு நிலம் போன்றவற்றில் சட்டம் இயற்றும் தன்னாட்சிக் கவுன்சில்கள் தரும் அரசியலமைப்பின் ஆறாவது அட்டவணைப் பாதுகாப்பும் கேட்பதற்குக் காரணம் இதுதான். 2025 செப்டம்பரில் லே போராட்டம் தீவைப்பு, வன்முறை என்று மாறி, துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். தீவைப்பை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆறு வருடமாக அமைதியாகக் கேட்டவர்களுக்கு என்ன பதில் கிடைத்தது?

சாங்தாங்கில் 13 ஜிகாவாட் சூரிய, காற்று மின்திட்டம் வரப்போகிறது. மின்சாரம் ஹரியானா வரை போகும். நல்ல திட்டம்தான், நாட்டுக்கு வேண்டியதுதான். ஆனால் வரைபடத்தில் காலி நிலமாகத் தெரிவது சாங்பாக்களின் மேய்ச்சல் காடு. அதில் எவ்வளவு விடலாம், எங்கே விடலாம் என்று பேச அவர்களுக்கு ஒரு மன்றம் வேண்டாமா?

மாநில அந்தஸ்து கேட்டால், எல்லைப் பகுதி, மக்கள்தொகை குறைவு என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் லடாக்கில் 2.74 லட்சம் பேர். 1975-ல் சிக்கிம் மாநிலமானபோது அங்கே இருந்தவர்கள் இதைவிடக் குறைவு, அதுவும் சீன எல்லைதான். நம் பக்கத்துப் புதுச்சேரி யூனியன் பிரதேசமாக இருந்துகொண்டே சட்டமன்றம் வைத்திருக்கிறது. லடாக்குக்கு உடனே மாநில அந்தஸ்து தர மனமில்லை என்றால், குறைந்தது அதையாவது கொடுங்கள்.